அடிப்பிடித்த பாயசம்

கொரோனாவின் இரண்டாம் அலையில் நானும் என் கணவரும் ஒரே நாளில் படுத்தோம். அவர் ஒரு வாரத்தில் எழுந்து பரோட்டா கேட்டார். நான் எழுந்திருக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்களுக்கு மாடியும் கீழுமாக ஒரு வீடு. மாடியில் நாங்கள் இருந்தோம், கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. நான் அரசுப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்குப் பொதுப்பணித் துறையில் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலை. ஒரே மகள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை செய்தாள். அவ்வளவுதான் குடும்பம்.

எனக்கு ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் போகவில்லை. ஆக்சிஜன் வைக்கவில்லை. எங்கள் தெருவில் அந்த மாதத்தில் போனவர்கள் உண்டு, அவர்கள் வீடுகளுக்கு எட்டிப் பார்க்கக்கூட எங்களை விடவில்லை. அதனால், காய்ச்சல் விட்ட பிறகும் மூச்சு வாங்குகிறது என்று யாரிடமாவது சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருந்தது. உயிரோடு இருப்பவள் வேறு என்ன கேட்க முடியும்? டெஸ்டில் நெகடிவ் வந்தது. மாதா கோயில் திறந்ததும் பங்குச் சாமியார், நோயிலிருந்து குணமானவர்களுக்காக நன்றி செலுத்திப் பூசை வைத்தார். குணமானவர்களில் நானும் ஒருத்தி. எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். நான் உட்கார்ந்தே நன்றி செலுத்தினேன். சாம்பிராணிப் புகை முகத்துக்கு நேராக வந்தது. கண் எரிந்தது, வாசனை மட்டும் வரவில்லை. பங்கில் மலிவான சாம்பிராணி வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பள்ளி திறந்தபோதுதான் விஷயம் பெரிதானது. என் வகுப்பு மாடியில். பாதிப் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வேன். பிள்ளைகள் என்னைக் கடந்து ஓடும், 'குட் மார்னிங் மிஸ்' என்று சொல்லும். பதில் சொல்ல மூச்சு இருக்காது. தலையை ஆட்டுவேன். திமிர் பிடித்துவிட்டது என்று சில பிள்ளைகள் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். ஒருநாள் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டேன். போட்டுவிட்டு, அதற்குப் பெயர் என்ன என்று நினைவுக்கு வராமல் நின்றேன். கடைசியில் ஒருத்தி, "வட்டம், மிஸ்" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை, நான் கேள்வி கேட்டதாகவே நினைத்துவிட்டாள். "கரெக்ட், உக்காரு" என்றேன்.

டாக்டர்களிடம் போனோம். இதயத்தைப் பார்த்தார்கள், நுரையீரலைப் பார்த்தார்கள், தைராய்டைப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். ஒவ்வொரு டாக்டரும் அதைச் சந்தோஷமாகச் சொன்னார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கும். என் கணவர் அந்த ரிப்போர்ட்டுகளையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். வரைபடம் சரியாக இருக்கிறது, கட்டடம் ஏன் சாய்கிறது என்று பார்க்கிற பார்வை அது.

ஒருநாள் அவர் சொல்லியே விட்டார். "எல்லாம் நார்மல்னுதான் சொல்றாங்க. நீயும் கொஞ்சம் எழுந்து நடமாடிப் பாரேன். படுத்தே கெடந்தா ஒடம்பு அப்படியே பழகிடும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் பெருமையாக உட்கார்ந்து காபி குடித்தேன். அடுத்த நாள் காலையில் கையைத் தூக்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்க என் மகள்தான் எனக்குச் சோறு ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். போர்வைகள் நன்றாக வெளுத்திருந்தன. அதற்குப் பிறகு என் கணவர் நடமாடச் சொல்லவே இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சமையலறைக்குள் போய்ப் பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று மகளிடம் கேட்டார். கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் இருந்தவர் அவர்.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மாதான் நான் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டார். "இது மாதிரி நெறைய பேரு வர்றாங்கம்மா. மருந்துன்னு பெருசா ஒண்ணும் இல்ல. முடியும்னு தோணும்போதே பாதியில நிறுத்திடுங்க" என்றார். அது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. எந்த வேலையும் பாதியில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை.

என் கணவர் தன் பாணியில் ஒரு வழி செய்தார். வீட்டை டேப் வைத்து அளந்து, நான் நடந்து களைக்கும் இடங்களிலெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அடுப்புக்கு முன்னால் ஒன்று, குளியலறை வாசலில் ஒன்று, நடையில் ஒன்று. வந்தவர்கள் ஏதோ ஜெபக்கூட்டம் நடக்கப்போகிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உட்கார்ந்தார்கள். படிதான் மிச்சம் இருந்தது. கீழ் வீட்டுக்காரர்களிடம் பேசி வீட்டை மாற்றிக்கொண்டோம். மாடியில் காற்று நன்றாக வரும் என்று காரணம் சொன்னார். அவர்கள் சந்தோஷமாக மேலே போனார்கள். மே மாத வெயில் வந்த பிறகு எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் மகளுக்கு வரன்கள் வந்தன. கொண்டுவந்தவர் என் கணவரின் அக்கா, மூலக்குளத்தில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் கொண்டுவந்த வரன்களையெல்லாம் மகள் தட்டிக்கழித்தாள். ஒருத்தனுக்கு மூக்கு சரியில்லை. ஒருத்தன் போட்டோவில் சிரிக்கிறான். ஒருத்தன் சிரிக்கவில்லை. நான் இவளுக்கு மனதில் யாராவது இருக்கிறார்களோ என்று நினைத்து, தலை வாரிக்கொள்ள அவள் முன்னால் உட்கார்ந்திருந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"யாரும் இல்லம்மா."

"பின்ன?"

சீப்பு கொஞ்ச நேரம் நின்றது. "நான் போயிட்டா ஒனக்கு யாரு தல வாரிவுடுவா? அப்பாவா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தலையை நேராக வைக்கச் சொன்னாள். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு என் தலைமுடி தடையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் என் கணவரைக் கூட்டிக்கொண்டு பியூட்டி பார்லருக்குப் போய்த் தோளுக்கு மேல் வெட்டிக்கொண்டேன். மகள் பார்த்துவிட்டு அழுதாள். அண்ணி பார்த்துவிட்டு, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதா என்று கேட்டார்.

அடுத்து வந்த வரனை மகள் மறுக்கவில்லை. பையன் பிரான்ஸில் என்ஜினியர். அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். பல வருஷம் அங்கே இருந்துவிட்டு, மனைவியோடு புதுச்சேரிக்கே திரும்பி வந்திருந்தார். பையன் லீவில் வந்திருக்கும்போதே பெண் பார்த்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

அண்ணி முந்தின வாரமே வந்து எனக்கு வகுப்பு எடுத்தார். "இந்தாம்மா, ஒடம்பு சரியில்ல கிடம்பு சரியில்லன்னு வாயத் தொறக்காத. நோய்க்கார வூடுன்னு பேரு வந்துடும். அவங்க வர்றதுக்கு முன்னாடியே உக்காந்துடு. போனப்புறம் எழுந்துக்க. சிரிச்சிக்கினே இரு, போதும்."

உட்கார்ந்து சிரிப்பது எனக்கு முடியும் காரியம்தான். ஆனால் பாயசத்தை நான்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மகளுக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தது. நீ போனாலும் உன் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொள்வாள் என்று வாயால் சொன்னால் அவள் நம்பமாட்டாள். என் கணவர் பூவும் பலகாரமும் வாங்கப் போயிருந்தார். மகள் மேல் வீட்டில் புடவை கட்டிக்கொண்டிருந்தாள், மேல் வீட்டம்மா அதற்கு மட்டும் எங்களோடு பேசினார். நான் அடுப்புக்கு முன்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து பாலைக் கிண்டினேன். சேமியாவைப் போட்டேன். கை வலித்தது. முடியும் என்று தோன்றும்போதே நிறுத்த வேண்டுமே, நிறுத்தினேன். கொஞ்சம் கண்ணை மூடினேன். திறந்தபோது பாயசம் அமைதியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஏலக்காய் போட்டு இறக்கி வைத்துவிட்டு, கூடத்தில் எனக்கென்று குறித்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பூவோடும் பலகாரத்தோடும் என் கணவர் வாசலுக்கு வந்தபோதே அண்ணி பையன் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணி முதலில் உள்ளே நுழைந்தார், மூக்கைச் சுருக்கினார், என்னைப் பார்த்தார். பாயசம் மணக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து நான் சிரித்தேன்.

பையனின் அம்மா உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுத்தார். "பக்கத்துல எங்கியோ ஏதோ எரியுது போல."

"குப்ப எரிக்கிறாங்க. சொன்னா கேக்கமாட்டறாங்க" என்றார் என் கணவர். அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. நன்றாகவே சொன்னார்.

மகள் பாயசத்தைக் கப்புகளில் கொண்டுவந்தாள். அவள் முகம் இறுகியிருந்தது. வெட்கம் என்று நினைத்தேன். பையன் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தான், வைத்தபடியே யோசித்தான். அவன் அம்மா உதட்டில் தொட்டுவிட்டுக் கப்பைக் கீழே வைத்தார். அண்ணி கப்பைத் தொடவே இல்லை. பையனின் அப்பா மட்டும் நிதானமாக, ஒவ்வொரு ஸ்பூனாக, அடிவரை சாப்பிட்டார். கப்பை நீட்டி, "இன்னும் கொஞ்சம் இருந்தா குடும்மா" என்றார். மகள் உள்ளே போய் இன்னொரு கப் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் ஆரம்பித்தார்.

"நல்லாருக்குங்களா?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டேன். அவர் மட்டும் தலையாட்டினார்.

என் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பாயசம் அடிப்பிடிச்சிருக்கும்மா. வீடு பூரா அடிக்கிது."

"ஏய்" என்றார் அண்ணி.

"இருங்க அத்த." அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள். "எங்கம்மாவுக்கு வாசனை தெரியாது. கொரோனா வந்ததுலருந்து தெரியல. ரொம்ப நேரம் நிக்க முடியாது, படி ஏற முடியாது. பேசிக்கினு இருக்கும்போதே வார்த்த மறந்துபோவும். இத உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தாங்க. எனக்குப் பிடிக்கல. நான் எங்க போனாலும் இவங்களப் பாக்க வந்துக்கினுதான் இருப்பேன். அது சரின்னா மேல பேசுங்க."

அண்ணி மின்விசிறியைப் பார்த்தார். என் கணவர் தன் காலைப் பார்த்தார். பையனின் அப்பா கையிலிருந்த கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவி பக்கம் சாய்ந்து, "இது அடிப்பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். மெதுவாகக் கேட்பதாக அவருக்கு நினைப்பு.

"எத குடுத்தாலும் வேணான்னு சொல்லிடுங்கன்னு அவ்ளோ சொல்லித்தான கூட்டியாந்தேன்" என்றார் அந்த அம்மா.

முதலில் சிரித்தது பையன்தான்.

அவன் அப்பாவுக்கும் அதே கதை. முதல் அலையிலேயே பிரான்ஸில் வந்தது. மூக்கு போயிற்று. காலையில் ஓடுகிற பழக்கம் உள்ளவர், மார்க்கெட்டுக்குப் போய் வந்தால் படுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சொந்த ஊருக்கு வந்தால் சரியாகிவிடும் என்று வந்தார்கள், ஆகவில்லை. பெண் வீட்டில் இதைச் சொன்னால் சீக்காளி வீடு என்று நினைப்பார்கள் என்று மறைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு அண்ணி இருந்திருப்பார் போல.

"அங்க டாக்டருங்க இதுக்குப் பேரே வச்சிட்டாங்க. கோவித் லோன்" என்றார் பையனின் அப்பா.

"லோனா?" என்றார் என் கணவர். "எந்த பேங்க்ல?"

"அய்ய, அந்த லோன் இல்லீங்க. பிரெஞ்சுல லோன்னா நீளம். நீளமான கோவித்."

எனக்கு அழுகை வந்தது. டாக்டரம்மா சொன்னபோதுகூட வரவில்லை. அவர் நோயாளியைப் பற்றிச் சொன்னார், இவர் கப்பைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பற்றிச் சொன்னார். எழுந்து உள்ளே போய் அழலாம் என்றால் எழுந்திருக்க வேண்டும். அதனால் அங்கேயே அழுதேன். பையனின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தக் கைக்குட்டையைக் கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "ரெண்டு வருஷமா நான் இவர்கிட்ட, நடிக்காதீங்கன்னு சண்ட போட்டிருக்கேன்" என்றார். என் கணவர் எழுந்து எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவரப் போனார். வர நேரமாயிற்று.

கல்யாணம் முடிவானது. இரண்டு பங்குக் கோயில்களிலும் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தார்கள்.

கல்யாணத்தன்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கோயிலில் பூசை, சாயங்காலம் ஹாலில் விருந்து. இரண்டில் ஒன்றுதான் என்னால் முடியும். நான் கோயிலைத் தேர்ந்தெடுத்தேன். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் மகள் சம்மதம் சொன்னதைக் கேட்டேன். வலப்பக்கம் இன்னொரு நாற்காலியில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எழுந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். பூசை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

சம்பந்தியும் அதையேதான் செய்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விருந்தில் பெண்ணின் அம்மாவும் இல்லை, பையனின் அப்பாவும் இல்லை. வந்தவர்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே காரணம் கண்டுபிடித்தார்கள். சம்பந்திகளுக்குள் கோயில் வாசலிலேயே பெரிய சண்டை என்றும், முகத்தில் முழிக்கமாட்டேன் என்று நான் சொன்னதாகவும் நெல்லித்தோப்பு முழுக்கப் பேச்சு. அண்ணி அதை மறுத்து, எனக்கு பி.பி. என்று சிலரிடமும் மூட்டு வலி என்று சிலரிடமும் சொன்னார். இரண்டு தரப்பும் ஒப்பிட்டுப் பார்த்ததில் சண்டை உறுதியாகிவிட்டது. மேடையில் போட்டோகிராபர் என் கணவரையும் சம்பந்தியம்மாவையும் நெருங்கி நிற்கச் சொல்லி எடுத்திருந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை போல. ஆல்பத்தில் அவர்கள் இரண்டு பேரும்தான் ஜோடி. நன்றாகவே இருக்கிறார்கள்.

மகள் விசா வந்ததும் பிரான்ஸுக்குப் போனாள். அவள் போன சில நாட்களில், சாயங்காலம் தூங்கி எழுந்து குளியலறைப் பக்கம் போனேன். வாசலில் இருந்த நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அது எனக்காகப் போட்டது.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. செத்த உக்காந்துக்கறேன்."

அவர் சட்டை கசங்கியிருந்தது. ஆபீஸ், அடுப்பு, பாத்திரம், என் மாத்திரை, எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். நோய் வந்தவள் நான் என்பதால் களைப்பு என்ற வார்த்தை எனக்கே சொந்தம் என்பது போல வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அவரை நகரச் சொல்லவில்லை. நடையில் இருந்த நாற்காலியை இழுத்துவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குளியலறையைப் பார்த்தபடி இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இருந்தோம். மறுநாளிலிருந்து பாத்திரம் தேய்க்க ஒரு அம்மாவை வைத்துக்கொண்டோம். இவ்வளவு நாள் ஏன் வைக்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

என் மூக்கு பிறகு கொஞ்சம் திரும்பி வந்தது. முதலில் வந்தது, ஊர்ச் சாக்கடையெல்லாம் ஓடும் பெரிய வாய்க்கால். ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தபோது குபீரென்று அடித்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஆட்டோக்காரர் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து அவசரமாக ஓரங்கட்டினார். நான் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் போய் ஆழமாக இழுத்தேன். என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போதும், ஏறு" என்றார். மல்லிகை இன்னும் வரவில்லை. காபி வந்தது, ஆனால் மண்ணெண்ணெய் வாடையோடு வந்தது. குடித்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளியில் தலைமையாசிரியை என் வகுப்புகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து நடத்துகிறேன். கரும்பலகையில் எழுத ஒவ்வொரு நாளும் ஒரு பெண் வருகிறாள். சில வாரம் நன்றாகப் போகும், குணமாகிவிட்டது என்று நினைப்பேன். அடுத்த வாரம் பல் தேய்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்வேன். சம்பந்தியும் நானும் போனில் பேசிக்கொள்வோம். மற்றவர்களிடம் சொன்னால் ஆறுதல் சொல்வார்கள், அவர் சொல்லமாட்டார். "இன்னிக்கி எப்படி?" "குளிச்சேன்." "பரவால்லியே." அவ்வளவுதான் பேச்சு.

மகளும் மாப்பிள்ளையும் போன லீவுக்கு வந்திருந்தபோது எல்லோரும் பீச்சுக்குப் போனோம். சாயங்காலத்தில் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். தடுப்பிலிருந்து கடலோரச் சுவர் வரைக்கும் நடந்ததே எனக்கும் சம்பந்திக்கும் சரியாக இருந்தது. நாங்கள் சுவரில் உட்கார்ந்துகொண்டோம். மற்றவர்கள் கோடி வரைக்கும் நடந்துவிட்டு வருவதாகப் போனார்கள். மகள் மட்டும் நின்று திரும்பிப் பார்த்தாள். "போ, போ" என்று கை காட்டினேன். போனாள். சம்பந்தியம்மாவும் என் கணவரும் முன்னால் நடந்தார்கள்.

"அதோ பாருங்க, ஜோடி" என்றார் சம்பந்தி.

காற்று நன்றாக இருந்தது. உப்பு வாடை அடிக்கிறதா என்று அவர் கேட்டார். லேசாக, என்றேன். தனக்கு இன்னும் இல்லை என்றார். சுண்டல் வாங்கிச் சாப்பிட்டோம். அவர்கள் திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்றார்கள். மகளுக்கு வியர்த்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது.

"போலாமாம்மா?"

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்றேன்.